முப்பத்தொண்ணு திரும்பி வரல

முப்பத்தொண்ணு. தணிகாசலம் கண்ணாடியைக் கழட்டி, சட்டை நுனியில தொடைச்சு, மறுபடி மாட்டிக்கிட்டு ஸ்கிரீனைப் பாத்தாரு. முப்பத்தொண்ணேதான். மணி பத்து இருபது. காலையில எட்டு மணிக்கு சர்வர் எழுந்திரிச்சப்போ ரெண்டு இருந்துச்சு. ஒழுங்கான நாள்ல எந்நேரம் எட்டிப் பாத்தாலும் ஆறு, ஏழு, ரொம்பக் கூட்டம்னா பன்னெண்டு. ஏறுன நம்பர் எறங்கணும், அதுதான் அதோட லட்சணம். இது ஏறுது, எறங்க மாட்டேங்குது. இதை ஒரு தடவை வீட்ல பொண்டாட்டி கலைவாணிகிட்ட விளக்கப் போயி அசிங்கப்பட்டதுதான் மிச்சம். எங்க ஆபீஸ் மாடியில பாத்ரூம் பொது, ரிசப்ஷன்ல ஆணியில அஞ்சு சாவி தொங்கும், போறவன் எடுத்துட்டுப் போயி, வந்து மாட்டணும், அந்த மாதிரி டேட்டாபேஸுக்குள்ள போக அம்பது கனெக்‌ஷன் பொதுவுல தயாரா கெடக்கு, ப்ரோக்ராம் ஒண்ணை எடுக்கும், வேலையை முடிக்கும், திருப்பி வைக்கும், அந்தக் கூட்டத்துக்குப் பேருதான் பூல், ஸ்கிரீன்ல தெரியற நம்பர் இப்ப வெளிய போயிருக்கற கணக்குன்னு சொன்னாரு. எவனாவது எடுத்துட்டு வைக்காமப் போனா அதுக்குப் பேரு லீக், அம்பதும் போயிடுச்சுன்னா அடுத்தவன் வாசல்லயே நிக்கணும், நாங்க ப்ரோக்ராம் எழுதிக் குடுத்த ஆஸ்பத்திரி மொத்தமும் நிக்கணும்னு சொன்னாரு. "எடுத்தவன் வைக்கணும், அவ்ளோதான? இதுக்கா உனக்கு ஒரு ஆபீசு, ஏசி, கழுத்துல பட்டை?"ன்னுட்டு கலைவாணி வெங்காயம் உரிக்கப் போயிட்டா. இருபத்திரெண்டு வருஷ சர்வீஸை ஒரு வெங்காயத்தோட உரிச்சுப் போட்ட மாதிரி இருந்துச்சு. அவ சொன்னதுல தப்பு இல்ல, அதான் எரிச்சல். எடுத்தவன் வைக்கணும். இந்த எளவைச் செய்யத் தெரியாத பசங்களைத்தான் காலேஜுக்கு ஆள் அனுப்பி, கோட்டு போட்டு உக்காந்து, மூணு ரவுண்டு வடிகட்டி எடுத்துட்டு வர்றாங்க. வடிகட்டுனா எது மேல நிக்கும்னு காபி போடுறவனைக் கேட்டாச் சொல்லுவான். முப்பத்திரெண்டு.

இந்த அம்பத்தூர் எஸ்டேட் ஆபீசுல மூணு வாரமா ஒரு சடங்கு நடக்குது. காலையில பதினொண்ணுக்கு ஒரு தடவை, சாயங்காலம் நாலுக்கு ஒரு தடவை சர்வரை அணைச்சு ஏத்துறது. அணைச்சு ஏத்துனா எடுத்துட்டுப் போன கனெக்‌ஷன் எல்லாம் பூலோட செத்து, புது அம்பது பொறக்கும், வியாதி தெரியாது. அதுக்கு இவனுங்க வச்ச பேரு குளிப்பாட்டுறது. "சர்வரைக் குளிப்பாட்டியாச்சா?"ன்னு அஸ்வத் டீ டம்ளரோட வருவான், குளிப்பாட்டியாச்சுன்னா டீ குடிப்பாங்க, இல்லன்னா குளிப்பாட்டிட்டுக் குடிப்பாங்க. நடுவுல அந்த ரெண்டு நிமிஷம் ஆஸ்பத்திரிக் கவுன்ட்டர்ல ஒரு பொம்பளை கைக்குழந்தையோட நிக்கிறாளா, சாஞ்சாளா, எவனுக்கும் கவலை இல்ல. முதல் வாரம் பூல் இருபதா இருந்துச்சு. பத்தலன்னு முப்பது ஆக்குனாங்க. அதுவும் பத்தலன்னு அம்பது. ஓட்டைப் பானைக்குப் பெரிய பானை வாங்குற புத்தி. நூறு கேட்டதுக்கு டேட்டாபேஸ் பாக்குற சுகவனம், "உங்க ஓட்டையை அடைக்காம என்கிட்ட வந்து நூறு கேக்குறீங்களா, போங்கய்யா"ன்னு ஃபோனை வச்சுட்டான். இந்தக் கம்பெனியில உருப்படியா பேசுன ஒரே ஆளு. இன்னைக்குத்தான் தணிகாசலம் பிடிவாதமா, பதினொண்ணு மணிக் குளியல் கெடையாது, நிறையட்டும், எவன் எடுத்துட்டு வைக்கலன்னு பாத்துடுவோம்னு நிறுத்தி வச்சிருந்தாரு. ரெண்டு நிமிஷத்துக்குள்ள திரும்பி வராத கனெக்‌ஷனை எந்த ஃபைல்ல எந்த வரி எடுத்துட்டுப் போச்சுன்னு சர்வரே எழுதி வைக்கும், அந்த வசதியைக் காலையிலயே போட்டு விட்டாச்சு. எழுதியும் இருக்கும். ஆனா எழுதுன லாக் ஆஸ்பத்திரிக்காரன் மிஷின்ல இருக்கு. அதைத் தொறக்க நமக்கு உரிமை இல்ல, டிக்கெட்னு ஒரு மனுப் போடணும், அவன் பாத்து, அவன் மேல இருக்கறவன் பாத்து, மெயில்ல அனுப்பணும். எட்டரைக்குப் போட்டது. ‘உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம்’னு ஒரு பதில் மட்டும் வந்திருக்கு. முக்கியமாம். முப்பத்தஞ்சு.

ஃபோன் அதிர்ந்துச்சு. மேனேஜர் நந்தகோபன். இருபது அடி தூரத்துல கண்ணாடி ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு ஃபோன் பண்றான், எழுந்து வந்தா கால் தேஞ்சிடும். "தணி ஜி, பதினொண்ணரைக்கு கிளையன்ட்டோட கால். பதினொண்ணுக்குள்ள எனக்கு ரிப்போர்ட் வேணும் ஜி." "லாக் வரணும், நந்தா." "லாக் வரட்டும் ஜி, நான் வேணாங்கல. ஆனா மூணு வாரம் முன்னாடி ஆஸ்பத்திரியில ஓடுற ப்ரொடக்‌ஷன்ல போன மாத்தம் ஒண்ணே ஒண்ணுதான? அது யாரு பண்ணது? பெனசீர். சிம்பிள். கிளையன்ட்டுக்கு ஒரு பேரு வேணும் ஜி, அடையாளம் கண்டுட்டோம், டீம்ல இருந்து எடுத்துட்டோம்னு சொன்னா அவங்க மனசு ஆறிடும். வெள்ளிக்கிழமை பெனசீரோட கான்ட்ராக்ட் எப்படியும் புதுப்பிக்கணும்ல, புதுப்பிக்காம விட்டுட்டாப் போச்சு." ஜி. ராயபுரத்துல பொறந்தவனுக்கு எங்க இருந்து வந்துச்சு இந்த ஜி. வாயில வெத்தலை போடுற மாதிரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு ஜி. மனசு ஆறிடுமாம், ஆஸ்பத்திரிக் குழுமத்துக்கு மனசு ஒண்ணு இருக்கு, அதுல புண்ணு ஒண்ணு இருக்கு, அதுக்கு மருந்து ஒரு பொம்பளையோட பேரு. ஆனா தணிகாசலத்துக்கும் அவங்க மேலதான் சந்தேகம். ரிப்போர்ட் அவர் ஸ்கிரீன்ல பாதி எழுதி ரெடியா இருக்கு, ‘பெனசீர் செய்த மாற்றத்தில்’ங்கிற எடம் வரைக்கும். லாக் வந்தா வரி நம்பர் போட வேண்டியதுதான் பாக்கி. வரி நம்பர் இல்லாம ஒருத்தர் பேரை எழுத மாட்டாரு, அந்த நியாயம் அவருகிட்ட உண்டு. அந்த நியாயத்தை அப்பப்போ எடுத்துத் தடவிப் பாத்துக்குவாரு. முப்பத்தெட்டு.

பெனசீர் எதிர் வரிசையில, தூணை ஒட்டி. நாப்பத்திமூணு வயசு. எட்டு வருஷம் வீட்ல இருந்துட்டு, ரெண்டு புள்ளைங்களும் பெரிசானப்புறம் மறுபடி வேலைக்கு வந்தது, ஆறு மாச கான்ட்ராக்ட். தண்ணி பாட்டில்ல பேரு எழுதி ஒட்டியிருப்பாங்க. எழுதுற ஒவ்வொரு வரிக்கும் மேல ஒரு குறிப்பு, குறிப்புக்கு மேல தேதி. கல்யாணப் பத்திரிகை எழுதுறாங்களா ப்ரோக்ராம் எழுதுறாங்களான்னு அஸ்வத் கிண்டல் பண்ணுவான், அதுக்குத் தணிகாசலமும் சிரிச்சிருக்காரு. மெதுவான ஆளு. ஒரு நாள் வேலையை மூணு நாள் பண்ற ஆளு. ஃபோன் நம்பர் கட்டாயம் இல்லன்னு ஒரு கட்டத்தைத் தளர்த்துற மாத்தத்துக்கு ஒரு வாரம் எடுத்துக்கிட்ட ஆளு. மலையடிவாரத்துல ஆஸ்பத்திரிக்காரன் புதுக் கிளை தொறந்திருக்கான், அங்க வர்ற ஜனங்ககிட்ட ஃபோன் இல்ல, நம்பர் இல்லாம பதிவு பண்ண விடுன்னு கேட்டான், அதுக்குத்தான். ஒரு வாரமா அதுல என்ன பண்ணாங்க? கேள்வி கேட்டாங்க. அதுதான், இங்கதான் ஏதோ செருப்புக்குள்ள மணல் மாதிரி. எதைக் கேட்டாங்க? யாரு யாரையோ கேட்டாங்க. விடு. எந்த வரியில எடுத்துட்டு வைக்காம விட்டிருப்பாங்கன்னு யோசி. எது எப்படிப் போனாலும் கடைசியில இதைச் செஞ்சுட்டுத்தான் வெளிய போகணும்னு சொல்லி வைக்க ப்ரோக்ராம்ல ஒரு எடம் உண்டு, ஃபைனலின்னு பேரு, கனெக்‌ஷனை அங்க மூடணும். இதை அவர் எத்தனை பேருக்கு எத்தனை வருஷமா சொல்லியிருக்காரு. ‘ஃபைனலி தணி’ன்னே முதுகுக்குப் பின்னாடி பேரு. வச்சுக்கட்டும். அந்தம்மா ஃபைனலி போட்டிருப்பாங்களா? தேதி போட்டிருப்பாங்க. அவங்க நிமிர்ந்து பாத்தாங்க. "சார், இன்னைக்குக் குளிப்பாட்டலியா?" "இல்ல." "நம்பர் ஏறுதா சார்?" "நாப்பத்தொண்ணு." "என்னோடதான்னு பேசிக்கிறாங்க சார்." "லாக் வரட்டும்." "வரட்டும் சார்"னுட்டு குனிஞ்சுக்கிட்டாங்க. பாட்டில் மூடியைத் திருகித் திருகித் தொறக்குறாங்க, மூடுறாங்க, தண்ணி குடிக்கல. பயம் இருக்கறவங்க பேச மாட்டாங்க, தப்புப் பண்ணவங்களும் பேச மாட்டாங்க, எது எதுன்னு முகத்தைப் பாத்துக் கண்டுபிடிக்க இது ஒண்ணும் ஜோசியம் இல்ல.

என்ன கேட்டாங்க. போன மாசமா, அதுக்கு முந்தியா? தணிகாசலம் மேஜையில இருந்த கண்ணாடி ஷீல்டை நகத்தி அடியில இருந்த காகிதத்தை எடுத்தாரு, காகிதத்துல ஒண்ணும் இல்ல, திரும்ப வச்சாரு. ‘ஆண்டின் சிறந்த ஊழியர்’. ஏழு வருஷமா பேப்பர் பறக்காமப் பிடிச்சிக்கிட்டு இருக்கு, இந்த ஆபீசுல வேலைக்கு ஒழுங்கா வர்ற பொருள் அது ஒண்ணுதான். குடுத்த அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு மத்தியானம், டிபன் டப்பா தொறந்து வச்சது அப்படியே இருக்கு, ஆஸ்பத்திரியில இருந்து ஃபோன், பஸ் கவுந்து இருபது பேரைக் கொண்டாந்திருக்காங்க, பதிவுல பழைய கார்டு தேடித் தேடி சிஸ்டம் நிக்குதுன்னு. கோட்டு போட்டு எடுத்தாந்த பசங்க ஆளாளுக்கு இங்கிலீஷ்ல பதறுனானுங்க. இவரு உக்காரக் கூட இல்ல. நின்னுக்கிட்டே இருபது நிமிஷத்துல அவசரப் பதிவுக்குத் தனியா ஒரு குறுக்கு வழி எழுதி ஏத்தினாரு. சல்லுன்னு போச்சு. கை தட்டுனாங்க. மாலைக் கல்லூரியில படிச்சவன், பகல்ல பாரிமுனை லாரி புக்கிங் ஆபீசுல சரக்குச் சீட்டு டைப் அடிச்சுட்டு, சாயங்காலம் ஆறு மணிக்கு வேர்வையோட போய் கடைசி பெஞ்சுல உக்காந்து கணக்குப் பாடம் கேட்டவன், அவனுக்குக் கை தட்டுனாங்க. அந்தக் கல்லூரியில சேர அப்ளிகேஷன் குடுத்த அன்னைக்கு, டெலிபோன் நம்பர்னு இருந்த எடத்தைக் காலியா விட்டிருந்தாரு. வியாசர்பாடியில அந்தத் தெருவுல ஒரே ஒரு ஃபோன், அரிசி மண்டியில. கிளார்க் ஃபாரத்தைத் தூக்கி வெளிய தள்ளினான். "நம்பர் இல்லாம எப்படிய்யா, உன்னை எங்கன்னு தேடுறது? போ, போயி ஒரு பி.பி. நம்பராவது வாங்கிட்டு வா." அரிசி மண்டிக்காரன் தன் நம்பரைப் பக்கத்து வீட்டு நம்பரா எழுதிக்கச் சம்மதிக்கறதுக்குள்ள மூணு நாள். அந்த மூணு நாளும் அவர் ஃபாரம் எங்கயும் இல்ல, சேந்தவனும் இல்ல, சேராதவனும் இல்ல. இது எதுக்கு இப்ப ஞாபகம் வருது. நாப்பத்திநாலு.

ஃபோன் நம்பர். அதான். அந்தம்மா கேட்டது அதான். அவரைத்தான் கேட்டாங்க, வேற யாரையும் இல்ல. இதே எடத்துல வந்து நின்னு, கையில நோட்டோட. "சார், ஃபோன் நம்பர் காலியா வந்தா, அவசரப் பதிவுல பழைய கார்டு தேடுற எடத்துல என்ன ஆகும்னு பாத்திருக்கீங்களா சார்? எனக்கு அது சரியாப் புரியல." புரியல. அவங்களுக்குப் புரியலன்னுதான் இவருக்குக் கேட்டுச்சு. "அதெல்லாம் அப்பவே பாத்தாச்சு, நீங்க உங்க கட்டத்தை மட்டும் பாருங்க"ன்னு தலை நிமிராம சொன்னாரு. அவங்க நோட்டுல அதைக் கூட எழுதியிருப்பாங்க, மேல தேதி போட்டு. அப்பவே பாத்தாச்சா? பாத்தாரா? இருபது நிமிஷத்துல, நின்னுக்கிட்டு. கார்டைத் தேடுறதே ஃபோன் நம்பரை வச்சுத்தான், நம்பர் காலியா வந்தா ‘பழைய கார்டு இல்ல’ன்னு சொல்லித் திருப்பி அனுப்புன்னு ஒரு வரி எழுதின ஞாபகம் இருக்கு. அந்த வரி எங்க? கனெக்‌ஷனை எடுக்கறதுக்கு மேலயா, கீழயா? மேலதான். மேலயாத்தான் இருக்கணும். யாரா இருந்தாலும் மேலதான் எழுதுவான், மூளை இருக்கறவன். அந்தக் காலத்துல ஸ்கிரீன் நம்பர் இல்லாம உள்ளயே விடாது, அதனால அந்த வரிக்கு வேலையே கெடையாது, சும்மா ஒரு பாதுகாப்புக்கு. ஃபோன் இல்லாதவன் எவன்டா இருக்கான் இந்தக் காலத்துலன்னு நெனச்சது கூட ஞாபகம் இருக்கு, சிரிப்பு வந்தது கூட. மேலதான். ஃபைலைத் தொறந்து பாத்தா முடிஞ்சுது. மவுஸ் மேல கை இருக்கு, கை போக மாட்டேங்குது. லாக் வரட்டுமே. லாக் வரட்டும்னுதான எல்லார்கிட்டயும் சொன்னோம். நாப்பத்தாறு. வேற யாராவது இருப்பான். அஸ்வத் போன மாசம் எதையோ தொட்டான், தொடாம இருப்பானா அவன். அஸ்வத்தா இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும், கோட்டுப் போட்டவன் எடுத்தாந்த பையன், ஒரு மெயில்ல மொத்தக் கூட்டத்துக்கும் பாடம்.

பத்து அம்பத்திமூணுக்கு மெயில் வந்துச்சு. ‘கோரியபடி இணைக்கப்பட்டுள்ளது.’ இணைப்பைத் தொறந்தாரு. கனெக்‌ஷன் திரும்பி வரல, எடுத்த எடம், அதுக்குக் கீழ ஏணி மாதிரி எறங்குற வரிங்க. மேல இருந்து நாலாவது படியில ஃபைல் பேரு. அவசரப் பதிவு. வரி எம்பத்தேழு. அடுத்தது, அதே ஃபைல், வரி எம்பத்தேழு. அதுக்கடுத்தது எம்பத்தேழு. கீழ கீழ உருட்டினாரு, நாப்பது தடவைக்கு மேல, ஒண்ணு கூட மாறல, அஸ்வத் இல்ல, பெனசீர் இல்ல. ஃபைலைத் தொறந்தாரு. ஆசிரியர் தணிகாசலம்னு தலையில அவரே எழுதி வச்சது. எம்பத்தேழுல கனெக்‌ஷனை எடு. எம்பத்தொம்பதுல நம்பர் காலியா இருந்தா திரும்பிப் போ. தொண்ணூத்தியெட்டுல மூடு. ஃபைனலி கெடையாது. எங்கயும் கெடையாது. ரெண்டு வரி மேல எழுதியிருந்தாப் போதும். எடுத்துட்டு, வைக்காம, வாசல்ல இருந்தே திரும்பிப் போயிருக்கான் பெரிய மனுஷன். ஒவ்வொரு தடவை ஒரு ஃபோன் இல்லாத ஆளு அந்த மலையடிவாரத்துக் கவுன்ட்டர்ல வந்து நிக்கிறப்பவும் ஒரு சாவி போயிருக்கு. அங்க கவுன்ட்டர்ல அவசரப் பதிவு வேகமா போகுதுன்னு எல்லாரையும் அதுலயே ஏத்துறாங்க போல. அப்போ இந்த நாப்பத்தேழுல பெரும்பாலானது நம்பர் இல்ல, ஆளுங்க. காய்ச்சலோட வந்த நாப்பது பேரு, இருபது நிமிஷத்துல இவரு இல்லவே இல்லன்னு முடிவு பண்ணவங்க. அரிசி மண்டிக்குப் போயி பி.பி. நம்பர் வாங்கிட்டு வான்னு சொல்லாத கொறைதான். அந்தக் கிளார்க்காவது ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்தான்.

பெனசீர் பாத்துக்கிட்டு இருந்தாங்க. மெயில் வந்த சத்தம் அவங்களுக்கும் கேட்டிருக்கும். பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. ஸ்கிரீன்ல பாதி ரிப்போர்ட் அப்படியே நிக்குது, ‘பெனசீர் செய்த மாற்றத்தில்’. தணிகாசலத்தோட கை இப்பத்தான் அசைஞ்சுது, அதுவும் எதுக்குன்னா, ‘மாற்றத்தில்’ங்கிறதை அழிச்சு ‘மாற்றத்துக்குப் பிறகே இந்தச் சிக்கல் தொடங்கியது’ன்னு அடிக்கறதுக்கு. அடிச்சுட்டுப் படிச்சுப் பாத்தாரு. பொய் ஒரு எழுத்து கூட இல்ல. அந்த மாத்தம் போகலன்னா எம்பத்தொம்பதாவது வரி இன்னும் நூறு வருஷம் தூங்கியிருக்கும். எவ்வளவு சுத்தமான வாக்கியம். இந்த மாதிரி வாக்கியம் எழுதுறவனுங்களை அவர் இருபத்திரெண்டு வருஷமா மோந்தே கண்டுபிடிப்பாரு, ‘சூழ்நிலைக் கோளாறு’ன்னு எழுதுறவன், ‘எப்போதாவது நிகழ்கிறது’ன்னு எழுதுறவன், அவனுங்களை நெனச்சாலே அவருக்கு வாயில ஒரு கசப்பு வரும், டீ குடிச்சாத்தான் போகும். இப்பவும் வந்துச்சு. அதே கசப்பு, அதே எடத்துல, நாக்குக்கு அடியில. இதுல ஒரு விஷயம், அந்தக் கசப்புதான் இத்தனை வருஷமா அவரை நிமிர்த்தி வச்சிருந்துச்சு. மத்தவனெல்லாம் திருப்பி வைக்காதவன், நாம வைக்கிறவன்னு. நாப்பத்தொம்பது. "அஸ்வத்து"ன்னு கத்துனாரு, ஆபீஸே திரும்பிப் பாத்துச்சு, "குளிப்பாட்டுப்பா. டீ அப்புறம் குடிக்கலாம், முதல்ல குளிப்பாட்டு, அங்க ஜனங்க நிக்கிறாங்க." "நீங்கதான சார் வேணாம்னீங்க?" "நான்தான். இப்ப நான்தான் சொல்றேன், அமுக்கு."

ஃபோன் அதிர்ந்துச்சு. கண்ணாடி ரூமுக்குள்ள நந்தகோபன் கையைத் தூக்கி மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான், வாட்ச் கூட கட்டல. "ஜி, பதினொண்ணு ஆச்சு. லாக் வந்துச்சா?" "வந்துச்சு." "சூப்பர் ஜி. பேரு சொல்லுங்க, எழுதிக்கறேன்." "தணிகாசலம்." "ஜி, நீங்கதான் பேசுறீங்கன்னு தெரியுது. தப்புப் பண்ண ஆளு பேரு." "அதைத்தான் சொல்றேன். எழுதிக்க. தணிகாசலம், இனிஷியல் மு. ஃபைல் அவசரப் பதிவு, வரி எம்பத்தேழு. ஷீல்டு குடுத்தீங்களே, அந்த வேலைதான்." கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நந்தகோபன் எழுந்து போயி ரூம் கதவைச் சாத்தினான். அப்புறம், "அது... ஜி, அதை எப்படி நான் கிளையன்ட்கிட்ட சொல்றது? நீங்க சீனியர். பெனசீரோட மாத்தத்துக்கு அப்புறம்தான ஆரம்பிச்சுது, அப்படின்னே போட்டுக்கலாமே?" "நானும் அப்படித்தான் போட்டேன்"னாரு தணிகாசலம், "நல்லாத்தான் இருந்துச்சு. அழிச்சுட்டேன்." சொன்னப்புறம்தான் அழிச்சாரு. அந்த எடத்துல தன் பேரையும் எம்பத்தேழையும் அடிச்சு, ரிப்போர்ட்டை அனுப்பிட்டு ஃபோனை வச்சாரு. ஸ்கிரீன்ல நம்பர் ஒரு நொடி காணாமப் போயி, ரெண்டுன்னு வந்து நின்னுச்சு. எவ்வளவு யோக்கியமா இருக்கு, குளிச்ச உடனே. இன்னும் ஒரு மணி நேரத்துல தெரியும் யோக்கியம். அவர் நாற்காலியை எதிர் வரிசைப் பக்கம் திருப்பினாரு. "பெனசீர்." "சார்." "போன மாசம் ஒண்ணு கேட்டீங்க இல்ல, ஃபோன் நம்பர் இல்லன்னா என்ன ஆகும்னு." அவங்க பாட்டிலைக் கீழ வச்சாங்க. "ஆமா சார்." "அந்த நோட்டை எடுத்துட்டு வந்து, இன்னொரு தடவை கேளுங்க."